ஆஸ்பத்திரிச் சாம்பலும் புளொக் கல்லும்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் சாம்பல் குப்பையல்ல. காலையில் அடுப்பை வழிக்கும்போதே ஒரு பங்கு தகர டின்னுக்குப் போய்விடும், சட்டி தேய்க்க. மிச்சம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மரக்கறிப் பாத்திக்கு. கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அடியில் ஒரு பிடி; பீன்ஸ் இலையில் பூச்சி கண்டால் மேலே ஒரு தூவல். தேயிலை மண் புளிப்பான மண். விறகுச் சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசும் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் முறித்துவிடும்.

அதனால் சாம்பல் என்ற சொல்லைக் கேட்டு மலையகத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. நோர்வூட் வீதியோரம் புளொக் கல் போட்டு விற்கிற மேசன் பாஸ் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியும் அந்த நம்பிக்கையில் வந்ததுதான். "தம்பி, ஆஸ்பத்திரியில எரிச்ச சாம்பல சும்மாதானே குழியில கொட்டுறாங்க. அதையும் கல்லுல சேத்துட்டா என்ன? நொரச்சோலைச் சாம்பலச் சீமெந்துல சேக்கிறாங்கன்னு சொல்றாங்களே?"

அசட்டுக் கேள்வியென்று இதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவக் கழிவை எரித்த சாம்பலைச் சீமெந்துக்கும் மணலுக்கும் பதிலாகச் சேர்த்துப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கல் வார்த்துப் பார்த்திருக்கிறார்கள். 5 முதல் 10 வீதம் வரை சேர்த்தால் வலிமை பெரிதாகக் குறையாது, அதற்கு மேலே போனால் இறங்கும் என்பதுதான் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஆனால் பாஸ் கேட்டதும் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதலில் கேட்பதும் ஒரே கேள்வி: கல் நிற்குமா? மலைநாட்டில் கேட்க வேண்டியது வேறு.

முதலில் நொரச்சோலைக் கதையை முடித்துவிடலாம். அங்கே இருப்பது அனல் மின்நிலையம். நிலக்கரியைப் பொடியாக்கி, 1300 பாகை செல்சியஸுக்கு மேலான சுவாலையில் ஊதி எரிக்கிறார்கள். கரியோடு இருந்த களிமண் உருகி, காற்றிலேயே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாகி விழுகிறது. சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்த அந்த உருண்டைகள், சீமெந்து இறுகும்போது வெளிவிடும் சுண்ணாம்போடு சேர்ந்து தாமும் பசையாகின்றன. உமிச் சாம்பலும் சரியாக எரித்தால் இப்படித்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. இன்னொன்றும் உண்டு: நிலக்கரி இன்றைக்கும் நாளைக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆஸ்பத்திரியில் ஆபத்தான கழிவு போடுகிற மஞ்சள் பை அப்படியல்ல. கிளினிக் நாளில் ஒன்று, சத்திரசிகிச்சை நாளில் இன்னொன்று. திங்கட்கிழமைச் சாம்பலைச் சோதித்துவிட்டு வெள்ளிக்கிழமைச் சாம்பலில் கல் போடுகிற கதை இது.

அந்தச் சாம்பலை நான் கிட்ட நின்று பார்த்தது மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் பின்பக்கத்தில், சில வருடங்களுக்கு முன்னால். எரிஉலையின் கதவைத் திறந்து தொழிலாளி ஒருவர் மண்வெட்டியால் வழித்து இரும்பு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். தூள் என்றுதான் நினைத்திருந்தேன். தூள் பாதிகூட இல்லை. ஊசிமுனைகள் கறுத்து, வளைந்து, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கிடந்தன. மருந்துக் குப்பிகள் உருகி, பச்சையும் தேன் நிறமுமாகச் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தன. ஒரு மூலையில் எரியாத கையுறை விரல் ஒன்று. வாளி போய்ச் சேர்ந்த குழிக்கு மூடி கிடையாது. சாரல் பெய்துகொண்டிருந்தது, குழியோரத்தால் சாம்பல் தண்ணீர் ஒழுகிக் கானுக்குள் இறங்கியது. கான் எங்கே போகிறது என்று கேட்டேன். "கீழ" என்றார்.

நெருப்பு எதை அழிக்கிறது, எதை அழிக்காது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒழுங்கான எரிஉலைக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் 850 பாகை அளவில் கழிவு எரியும். புகை இரண்டாம் அறைக்குப் போய் 1100 பாகையில் இரண்டு விநாடியாவது நின்று எரிய வேண்டும். கிருமி இதில் தப்பாது. பஞ்சு, துணி, பிளாஸ்டிக், சதை எல்லாம் வாயுவாகிவிடும். உலோகம் மட்டும் அழியாது. 100 கிலோ எரித்து 20 கிலோ சாம்பல் மிஞ்சினால், அடியில் தங்குகிற உலோகத்தின் செறிவு ஐந்து மடங்காகிறது என்றுதான் பொருள். கழிவு சுருங்கியது, உலோகத்தின் அளவு சுருங்கவில்லை.

உலோகம் எங்கிருந்து வருகிறது? ஊசி துருப்பிடிக்காத உருக்கு. அந்த வகை உருக்கில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருப்பது வழக்கம். இறப்பர் கையுறையை இறுக்கிப் பதப்படுத்த நாக ஒட்சைட்டு சேர்க்கிறார்கள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரின் பசையிலும் அதுவே. இந்தியப் புத்தகங்களில் துத்தநாகம் என்று எழுதுவார்களே, அந்த நாகம்தான். ஈயமும் கட்மியமும் பிளாஸ்டிக்கின் நிறமிகளிலும் நிலைப்படுத்திகளிலும் இருந்து வருகின்றன. உடைந்த வெப்பமானி இருந்தால் பாதரசம். பாதரசம் 357 பாகையிலும் கட்மியம் 767 பாகையிலும் கொதித்துவிடும் என்பதால் இவை இரண்டும் அடிச்சாம்பலில் நிற்காமல் புகையோடு ஏறும். புகை ஆறும்போது, கூடப் பறக்கும் நுண்தூளில் கட்மியம் போய் ஒட்டிக்கொள்ளும். பாதரசத்தில் பெரும்பகுதி குழாய் வழியே வெளியே போய்விடும்.

அந்தப் பறக்கும் தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. சேலைன் பையும் குழாயும் பல வேளைகளில் பிவிசி பிளாஸ்டிக். பிவிசியின் எடையில் 57 வீதம் குளோரின். அந்தக் குளோரினும், சரியாக எரியாத கரியும், கொஞ்சம் செம்பும் சேர்ந்து, புகை 450 பாகையிலிருந்து 200 பாகைக்கு மெதுவாக இறங்கும்போது டயொக்சின்கள் உருவாகின்றன. இவற்றில் மிகக் கொடியதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதிசெய்தது. ஆக, ஒரே உலையிலிருந்து இரண்டு சாம்பல்கள். அடியில் விழுவது ஒன்று. புகைக்குழாயில் படிவது மற்றது. முதலாவதைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதைக் கல்லில் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்பது என் கட்சி. ஆனால் சின்ன உலைகளில் புகைக்குழாயைச் சுரண்டித் துப்புரவு செய்யும் நாளில் அந்தக் கரித்தூள் எந்த வாளிக்குப் போகும்? இருப்பது ஒரு வாளி.

இரண்டும் கலந்தால் என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. நியூகாசில் நகரின் பைக்கர் பகுதியில் நகரக் குப்பையை எரித்த உலையின் சாம்பலை 1990களில் மக்கள் மரக்கறி போடுகிற சிறு தோட்டங்களின் நடைபாதைகளில் பரப்பினார்கள். அடிச்சாம்பலோடு பறக்கும் சாம்பலும் கலந்திருந்தது. பாதையில் கோழிகள் கிண்டின. பிறகு முட்டைகளைச் சோதித்தபோது டயொக்சின். முட்டை சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தார்கள். விடயம் நீதிமன்றம் போய் 2002இல் நகரசபையும் உலையை நடத்திய நிறுவனமும் தண்டம் கட்டின. அது ஆஸ்பத்திரி உலைகூட அல்ல. எங்கள் வீட்டுத் தோட்டமும், அதில் கிண்டுகிற கோழியும் எனக்கு இந்தக் கதையில்தான் ஞாபகம் வரும்.

இனிக் கல்லுக்கு வருவோம். சீமெந்துக்கு ஒரு நல்ல குணம்: அதன் ஈரம் கடுமையான காரம், புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பீ.எச். அளவில் 12.5க்கு மேல் (7க்கு மேல் காரம், கீழே புளிப்பு). அந்தக் காரத்தில் பல உலோகங்கள் கரையாத உப்பாகிப் படிந்துவிடும். மேலே சீமெந்துப் பசை சுற்றி இறுகித் தண்ணீர் நுழைவதையும் தடுக்கும். ஆபத்தான கழிவைச் சீமெந்தில் கட்டிப்போடுவது உலகெங்கும் பழகிய முறைதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. சிக்கல், சாம்பலும் சீமெந்தைச் சும்மா விடாது. நாகம் சீமெந்துத் துணிக்கையைச் சுற்றி உறைபோல் படிந்து இறுகுவதைத் தாமதிக்கும். காலையில் போட்ட கல் மறுநாளும் விரலுக்கு அமுங்கும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் எரியாமல் மிஞ்சியிருந்தால், காரத்தில் பட்டு ஐதரசன் வாயு கிளம்பும், இட்லி மாவுபோல் கல் உப்பி வெடிக்கும். உருகிய குப்பிக் கண்ணாடி சீமெந்தின் காரத்தோடு வருடக்கணக்கில் மெல்ல வினைபுரிந்து ஈரத்தை உறிஞ்சி வீங்கும். வெடிப்பு தெரியும்போது வீடு கட்டி முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். குளோரைட்டு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், ஆகவே லிண்டலுக்கோ பீமுக்கோ நினைத்தும் பார்க்கக்கூடாது. சாம்பலைத் தண்ணீரில் கழுவினால் குளோரைட்டு போய்விடும் என்பார்கள். போகும். கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டால் பேச்சு மாறும்.

குரோமியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உருக்கில் இருக்கும் குரோமியம் சாது. காரமும் ஒட்சிசனும் சூடும் சேர்ந்தால் அதில் ஒரு பங்கு ஆறு வலுவுள்ள குரோமியமாக மாறும். அது தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் தரும். மற்ற உலோகங்களைக் கட்டிப்போடுகிற அதே காரத்தால் அதைக் கட்ட முடியாது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: கல்லிலிருந்து மழை எதைக் கரைத்துக்கொண்டு போகும்?

இதற்கு உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு சோதனை அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தினுடையது. கல்லை 9.5 மில்லிமீற்றருக்குக் குறைவாக உடைத்து, எடையைப்போல் இருபது மடங்கு நீர்த்த அசற்றிக் அமிலத்தில் போட்டு, 18 மணித்தியாலம் உருட்டுவார்கள். பிறகு அந்தத் திரவத்தில் எத்தனை உலோகம் என்று அளப்பார்கள். ஈயத்துக்கு எல்லை லீற்றருக்கு 5 மில்லிகிராம், கட்மியத்துக்கு 1. பல ஆய்வுகள் 'தேறிவிட்டது' என்று சொல்வது இந்த எல்லையை வைத்துத்தான். ஈயத்துக்கான அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். அந்நாளைய குடிநீர் எல்லையான 0.05ஐ எடுத்து, குப்பைமேட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியில் நூறு மடங்கு ஐதாகும் என்று கொண்டு, நூறால் பெருக்கினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு 0.01. அதாவது 'தேறிய' கல்லின் கசிவு குடிநீர் அளவைவிட 500 மடங்கு வரை ஈயம் கொண்டிருக்கலாம். குப்பைமேட்டில் போடத் தகுமா என்று கேட்கிற சோதனை அது. வீட்டுச் சுவரை அது கேட்கவே இல்லை.

அந்தச் சோதனையில் பாவிக்கும் இரண்டு அமிலக் கரைசல்களில் ஒன்றின் பீ.எச். 4.93. தேயிலை நன்றாக வளர்கிற மண்ணின் பீ.எச். 4.5 முதல் 5.5. ஆய்வுகூடத்தில் 18 மணித்தியாலம் செயற்கையாக உண்டாக்குகிற புளிப்பு இங்கே மலை முழுக்க விரிந்து கிடக்கிறது. இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்பது சரி, ஆய்வுகூட அமிலம் காரத்தை வேகமாகத் தின்னும். ஆனால் மண்ணுக்கு அவசரமில்லை.

மழையும் இங்கே வேறு மழை. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதாவது ஒரு சதுர மீற்றர் தரையில் 5000 லீற்றருக்கு மேல். ஹட்டனில் நின்று பார்த்தால் ஹட்டன் ஓயாப் பக்கம் விழுவது மகாவலிக்குப் போகிறது, டிக்கோயாப் பக்கம் விழுவது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு இறங்கி, கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்கிறது. களனியிலிருந்து அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணீரைத்தான் பெரும்பாலும் கொழும்பு குடிக்கிறது. அந்தத் தூரத்தில் ஈயம் ஐதாகிவிடும் என்று ஆறுதல் கொள்ளலாம். மலைக்காரன் அப்படி ஆறுதல் கொள்ள முடியாது. எங்கள் தண்ணீர் பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து நேரே வடிவது. மேல் லயத்துக் கானுக்கும் கீழ் லயத்துப் பீலிக்கும் இடையில் பல இடங்களில் நூறு யார் தூரம்கூட இல்லை.

பூசிய சுவராக, தகரக் கூரைக்கு அடியில் கல் நிற்கும் வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல் சுவராகவே இருந்துவிடுவதில்லை. லயத்தை உடைத்த இடத்தில் போய்ப் பாருங்கள், ஒரு துண்டுகூட வீணாகாது. முழுக்கல் குசினிக்கு, அரைக்கல் கோழிக்கூட்டுக்கு, உடைசல் படிக்கட்டுக்கும் பாதைக்கும் பாத்தி வரம்புக்கும். அதற்குள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு சீமெந்தின் காரத்தை வருடாவருடம் தின்று பீ.எச். அளவை 9க்குப் பக்கத்தில் இறக்கியிருக்கும். உடைந்த கல்லுக்கு மேற்பரப்பும் கூட. அந்த நேரத்தில், புளித்த மண்ணில், மழையில், அந்தத் துண்டு என்ன செய்யும் என்பதை 28 நாள் வலிமைச் சோதனை சொல்லாது. எங்கள் நாட்டுச் சீமெந்துக் கல்லுக்கான தரநிலை எஸ்.எல்.எஸ். 855, அளவும் வலிமையும்தான் அதன் கவலை. அது சாதாரணக் கல்லுக்கு எழுதியது, குறை சொல்ல முடியாது. நெதர்லாந்தில் கட்டடப் பொருளுக்குக் கசிவுக்கென்றே சட்டம் உண்டு: முழுக் கல்லை 64 நாள் தண்ணீரில் மூழ்கவைத்து, இடையிடையே தண்ணீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் என்ன வெளியேறியது என்று அளக்கிறார்கள். அங்கே வெள்ளம் பயம். இங்கே சரிவில் இறங்குகிற தண்ணீர்.

சரி, இவ்வளவு ஆபத்துக்கும் கைக்கு வரும் லாபம் எவ்வளவு? பாஸும் நானும் அவருடைய கல்லடுக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. வருமானம் குறைந்த நாடுகளில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் 0.2 கிலோ ஆபத்தான கழிவு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சராசரி. 150 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் 30 கிலோ. எரித்தால் ஐந்தில் ஒன்று என்று வைத்தாலும் 6 கிலோ சாம்பல். ஒரு புளொக் கல்லில் சீமெந்து இரண்டு கிலோ. அதில் பத்து வீதத்தைச் சாம்பலால் மாற்றினால் கல்லுக்கு 200 கிராம். ஆக ஒரு நாள் சாம்பல் 30 கல்லுக்குள் அடங்கிவிடும். மிச்சமாகிற சீமெந்து அதே 6 கிலோ, எட்டு நாளைக்கு ஒரு மூடை, ஆண்டுக்கு 44 மூடை. அதற்காக ஒரு குழியில் இருந்த சாம்பல் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கற்களாகி, யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பத்தி நாலு மூடைக்கா?" என்றார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2008இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின்படி மருத்துவக் கழிவு பட்டியலிட்ட ஆபத்தான கழிவு. அதைச் சேகரிக்க, ஏற்றிச்செல்ல, களஞ்சியப்படுத்த, அகற்ற மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். வாளியோடு போய்ப் பின்கதவில் வாங்கிவருகிற சாமான் அல்ல.

ஆய்வுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாம்பலை 1200 பாகைக்கு மேல் உருக்கிக் கண்ணாடியாக்கினால் உலோகம் நன்றாகவே சிறைப்படும், டயொக்சினும் அழியும். அதற்கு ஆகிற மின்சாரச் செலவைக் கேட்டால் 6 கிலோவுக்கு யாரும் துணியமாட்டார்கள். எனக்குப் படுவது, வேலை அடுப்புக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும் என்பது. ஆஸ்பத்திரிக் கழிவில் 85 வீதம் சாதாரணக் குப்பை. ஆனாலும் வாட்டில் நோயாளியைப் பார்க்க வந்தவர் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் தாளும் பத்திரிகையும் மஞ்சள் பைக்குள் விழுவதைக் கண்டிருக்கிறேன். அது நின்றால் உலையின் பாரம் குறையும். பிவிசி பை தனியே போனால் குளோரின் குறையும். கிருமிதான் பிரச்சினை என்றால் 121 பாகை நீராவி அழுத்தக் கலனே போதும். அதில் சாம்பலும் இல்லை, டயொக்சினும் இல்லை. வெட்டி எடுத்த உடற்பாகங்களும் சில மருந்துகளும் அவைபோன்றவையும்தான் அதற்குள் அடங்காது.

அப்படியும் மிஞ்சுகிற சாம்பலுக்குச் சீமெந்து வேண்டும்தான், கல்லாக அல்ல. ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே, கானுக்கும் பீலிக்கும் எட்டத்தில், அடியும் பக்கமும் கொங்கிரீட் போட்ட தொட்டி. மழை விழாத கூரை. நிறைந்ததும் சீமெந்துப் பாலை ஊற்றி இறுக்கி மூடுவது. ஆண்டுக்கு இரண்டு தொன் சாம்பலுக்குச் சின்னத் தொட்டியே காணும். பாஸிடம் இதைச் சொன்னபோது, அந்த வேலையைத் தானே செய்து தரலாம் என்றார். மூடிக் கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் வருடத்தையும் உள்ளே இருப்பது என்ன என்பதையும் மூன்று பாஷையிலும் கீறிவிட வேண்டுமாம், பின்னால் அத்திவாரம் வெட்ட வருகிறவனுக்குத் தெரிய.